ஐந்தடித் தாவரத் தொட்டியின் மின்சாரச் செலவு: எங்கிருந்து வெட்டுவது?

செந்தூல்வாசி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் 5 x 2 x 2 அடித் தாவரத் தொட்டி (நீர்ச்செடிகளோடு மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) ஒன்று இருக்கிறது. அளவுப்படி 560 லிட்டர். மண், கல், கட்டை எல்லாம் போக 480 லிட்டர் தண்ணீர் நிற்கும். நான்கு 80 வாட் டி5 குழல் விளக்குகள் (காலை 10 முதல் இரவு 8 வரை), இரண்டு கேனிஸ்டர் வடிகட்டிகள், ஒரு சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), சில்லருக்கென்று தனிப் பம்பு, 18 வாட் யூவி (புற ஊதா) விளக்கு, கரியமில வாயு சிலிண்டர். தண்ணீரை 25 டிகிரியில் வைத்திருக்கிறேன்.

வீட்டு ரசீதில் மாதம் 820 யூனிட் அளவில் வருகிறது. ரசீது வரும் நாளில் என் மனைவி தொட்டியைப் பார்க்கும் பார்வையே வேறு. விளக்கை எல்இடிக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மீன் கடைக்காரர். அது ஒன்றே போதுமா? தொட்டியைக் கலைக்கும் எண்ணம் இல்லை.

செடிகள்: முன்னால் தரைவிரிப்புச் செடி, நடுவில் கிரிப்டோகோரைன், பின்னால் ரொட்டாலா, கட்டைகளில் ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும். மீன்கள்: ஹார்லிக்வின் ரஸ்போரா, கார்டினல் டெட்ரா, கொஞ்சம் அமானோ இறால்.

டிஸ்கஸ்_ஆயர்_ஈத்தாம்

தம்பி, முதலில் ஒரு கேள்வி. ரஸ்போரா நம் நாட்டு மீன். இங்கேயே பிறந்து வளர்ந்த மீனுக்கு 25 டிகிரி எதற்கு? பினாங்கில் நாங்கள் டிஸ்கஸ் வளர்க்கிறோம், 28, 29 டிகிரி. சில்லர் என்ற பொருளை நான் கடையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அமேசான் வாள் செடி அந்தச் சூட்டிலும் இலை இலையாக விடுகிறது.

செந்தூல்வாசி

ஐயா, 30 டிகிரிக்குப் போனால் முன்பக்கச் செடி மஞ்சளாகிறது, இறால் சோர்ந்துபோகிறது. வீட்டுக்கு மேற்குப் பார்த்த சுவர். பிற்பகலில் வரவேற்பறை 31 டிகிரியைத் தொடும். அதனால்தான் சில்லர்.

வயர்மேன்_பட்டர்வொர்த்

விளக்கா சில்லரா என்று இங்கே உட்கார்ந்து ஊகிக்க வேண்டாம். செருகி அளக்கும் வாட் மீட்டர் இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு கருவியையும் அதன் வழியாகச் செருகி, வாட்டைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். விளக்கையும் வடிகட்டியையும் ஒரு நாள் அளந்தால் போதும். சில்லரை மட்டும் ஒரு வாரம் விடுங்கள். அது விட்டு விட்டு ஓடும் கருவி; வெயில் நாளில் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி. ஓடும்போது காட்டும் வாட்டை 24ஆல் பெருக்கினால் கணக்கு எங்கோ போய்விடும். மீட்டர் 13 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு.

மனதில் வைக்க ஓர் எண்: இரவு பகலாக ஓடும் ஒரு வாட், வருடத்தில் 8.76 யூனிட். இன்றைய கட்டணத்தில் ஏறக்குறைய 3 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. பத்து வாட் பம்பு என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, அது வருடத்துக்கு 39 வெள்ளி.

புதுமீன்_செத்தாப்பாக்

வணக்கம். இரவில் விளக்கு இல்லை, செடி வேலை செய்வதில்லை. அப்போது வடிகட்டியையும் டைமரில் நிறுத்திவிடலாமே? எட்டு மணி நேரம் மிச்சமாகுமே.

நீர்வாழை

வேண்டாம் தம்பி. கேனிஸ்டர் ஒரு மூடிய டப்பா. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும். ஓட்டம் நின்றால் டப்பாவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். காலையில் மறுபடி ஓடும்போது அழுகிய தண்ணீர் மொத்தமாகத் தொட்டிக்குள் வந்து விழும். அதோடு இரவில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் என்பதை மறக்காதீர்கள். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். வடிகட்டியைச் சிறியதாக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம். நிறுத்தக் கூடாது.

புதுமீன்_செத்தாப்பாக்

நன்றி அக்கா. அப்படியானால் வடிகட்டிக் குழாயில் இருக்கும் வால்வைப் பாதி மூடினால்?

குழாய்ப்பொறியாளர்

அதில் பெரிதாக மிச்சமாகாது. சாதாரண ஏசி (மாறுதிசை மின்னோட்ட) மோட்டார் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வால்வை மூடினால் தண்ணீர் குறையும், மின்சாரம் லேசாகத்தான் குறையும். வேகத்தையே குறைக்கக்கூடிய டிசி (நேர்மின்னோட்ட) பம்பு வேறு வகை. அங்கே மின்சாரம் வேகத்தின் முப்படிக்கு ஏற்றபடி மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்தேவை ஏறக்குறைய பாதி. கண்ணுக்கு ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாது.

இன்னொன்று. கீழே தனித்தொட்டி வைத்து ஓட்டும் சம்ப் முறையில் பம்பு தண்ணீரை ஒரு மீட்டருக்கு மேல் தூக்க வேண்டும். கேனிஸ்டர் மூடிய சுற்று. ஏறுகிற தண்ணீரை இறங்குகிற தண்ணீரே சமன்செய்துவிடும். குழாயின் உரசலும் உள்ளே இருக்கும் பஞ்சின் தடையும்தான் பம்புக்கு வேலை. மின்சாரத்தை மட்டும் பார்த்தால் செந்தூல் நண்பர் கேனிஸ்டரை விட்டு சம்ப்புக்குப் போக வேண்டியதில்லை.

செந்தூல்வாசி

வாட் மீட்டர் வாங்கி எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். ஒரு நாள் கணக்கு, யூனிட்டில்:

டி5 விளக்குகள் (335 வாட் காட்டுகிறது, 10 மணி நேரம்) – 3.35
சில்லர், ஒரு வாரச் சராசரி – 3.4
இரண்டு கேனிஸ்டர்கள், சேர்த்து 64 வாட் – 1.54
சில்லர் பம்பு, 46 வாட் – 1.10
யூவி – 0.43
காற்றுப் பம்பு, வாயு வால்வு – 0.1

மொத்தம் 9.9. மாதத்துக்கு ஏறக்குறைய 300 யூனிட். வீட்டில் ஓடும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மீன்களே செலவழிக்கின்றன. இந்தத் தகவலை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

குழாய்ப்பொறியாளர்

அருமையான கணக்கு. இப்போது இதை வேறு கோணத்தில் பாருங்கள். கேனிஸ்டர், சில்லர் பம்பு இரண்டும் சேர்த்து 110 வாட். அவற்றின் மோட்டார் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஆகவே அந்த 110 வாட்டும் கடைசியில் பெரும்பாலும் தொட்டித் தண்ணீரில் வெப்பமாகத்தான் சேரும். நாளைக்கு 2.64 யூனிட் வெப்பம். மேலே 335 வாட் விளக்கு. அதில் பாதி தண்ணீருக்குள் இறங்கினாலும் இன்னும் 1.7 யூனிட். ஆக, நீங்களே காசு கொடுத்துத் தண்ணீருக்குள் நாலு யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை ஊற்றுகிறீர்கள். சின்ன சில்லர்களில் ஒரு யூனிட் வெப்பத்தை வெளியே தள்ள ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும். உங்கள் சில்லர் எடுக்கும் 3.4 யூனிட்டில் இரண்டு யூனிட் இதற்கே போகிறது.

சில்லர் செந்தூல் வெயிலோடு மட்டும் மல்லுக்கட்டவில்லை. அதில் பெரும்பங்கு உங்கள் விளக்கோடும் பம்போடும்தான். அதிலும் சில்லர் பம்பு இருக்கிறதே, சில்லருக்குத் தண்ணீர் கொண்டுபோகவே இருக்கிற அது, கொண்டுபோகும் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே கொண்டுபோகிறது. அடுப்பை எரியவிட்டுவிட்டு அதே அறையில் ஏர்கானைப் போட்ட கதை.

அதனால் கடைக்காரர் சொன்னது பாதி சரி. விளக்கை மாற்றினால் விளக்கின் மின்சாரமும் குறையும், சில்லரின் மின்சாரமும் சேர்ந்து குறையும். ஆனால் விளக்கோடு நின்றுவிடக் கூடாது. தண்ணீருக்குள் போகும் வெப்பத்தைப் போதுமான அளவு குறைத்தால் சில்லரே வேண்டாம் என்ற நிலைக்கு வரலாம். அங்கேதான் உண்மையான மிச்சம் இருக்கிறது.

நீர்வாழை

சில்லர் இல்லாமல் நான் ஓட்டுகிறேன். பாயான் லெப்பாஸ், ஒன்பதாவது மாடி, நாலடித் தொட்டி. தண்ணீர் மேல்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சாய்வாக வீசும்படி நான்கு சிறு விசிறிகள், எல்லாம் சேர்ந்து 12 வாட், வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியில். 28 டிகிரியில் ஓடத் தொடங்கும், 27.5இல் நிற்கும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை மாதிரி மெல்லிய வலை போட்டிருக்கிறேன், மீன் துள்ளாமல் இருக்க.

டிஸ்கஸ்_ஆயர்_ஈத்தாம்

விசிறி எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் கோடையில் பயன்படுத்துவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் தண்ணீர் ஆவியாகுமா? துவைத்த துணியே மழை நாளில் காய மாட்டேன் என்கிறது.

குழாய்ப்பொறியாளர்

ஐயா, புழுக்கம் ஓர் எல்லை போடுகிறது, அவ்வளவுதான். 31 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆவியாதல் மூலம் இறங்கக்கூடிய கடைசிப் படி 26.5 டிகிரி. விளக்கும் பம்பும் சூடேற்றிக்கொண்டிருக்கும் தொட்டி அவ்வளவு தூரம் இறங்காது. 27.5 அல்லது 28 வரை வரும். 25 டிகிரி வேண்டுமென்றால் சில்லர் இல்லாமல் முடியாது. 28 போதும் என்றால் விசிறி போதும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஐந்தடித் தொட்டியில் விசிறி ஓடினால் நாளைக்கு நாலைந்து லிட்டர் குறையும். ஐந்து லிட்டர் என்றால் 3.3 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வெளியேறுகிறது. 12 வாட் விசிறி நாள் முழுக்க ஓடினாலும் 0.29 யூனிட். எந்தச் சில்லரும் இந்தக் கணக்குக்கு அருகில் வராது.

ஒரு நிபந்தனை. அந்த ஐந்து லிட்டரும் அறைக் காற்றில்தான் போய்ச் சேரும். ஜன்னல் திறந்திருந்தால் கவலையில்லை. ஏர்கான் போட்டு மூடிய அறை என்றால் அந்த ஈரத்தைத் திரும்பத் தண்ணீராக்கி வடிகுழாயில் விடும் வேலை ஏர்கானுக்கு. காசு அங்கே போகும்.

டிஸ்கஸ்_ஆயர்_ஈத்தாம்

சரி, எண் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினம் ஐந்து லிட்டர் ஊற்றுவது யார்? ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும்.

நீர்வாழை

நம் குழாய்த் தண்ணீர் பொதுவாக மென்மையானது, ஐயா. வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறவர்களுக்குச் சேர்வது கழிந்துவிடும். குளோரின் எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, மிதவை வால்வு வழியாகச் சொட்டவிட்டிருக்கிறேன். மாதம் 150 லிட்டர் தண்ணீருக்கு ஆகும் செலவு சில்லறைக் காசு.

விசிறியில் எனக்குப் பிடிக்காதது சத்தமும் உப்புக் கறையும்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தகடுகளைக் கழற்றி வினிகரில் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவில் கீச் கீச்சென்று ஆரம்பித்துவிடும்.

செந்தூல்வாசி

28 டிகிரிக்கு வந்தால் என் செடிகள் என்ன ஆகும்? அதுதான் தயக்கம்.

நீர்வாழை

கிரிப்டோவுக்கு ஒன்றும் ஆகாது. அதில் கார்டட்டா, அஃபினிஸ் வகைகள் எல்லாம் நம் தீபகற்பத்து ஓடைகளில் வளர்கிறவை. ஆனால் திடீர் மாற்றம் அதற்கு ஆகாது. ஒரே நாளில் மூன்று டிகிரி ஏற்றினால் இலை முழுக்கக் கூழாகிவிடும். அப்படி நடந்தால் பிடுங்கிப் போடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும், மறுபடி துளிர்க்கும். வாரத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றுங்கள். அனுபியாஸ் இந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. ஜாவா ஃபெர்ன் கொஞ்சம் முகம் சுளிக்கும், பிறகு பழகிக்கொள்ளும். ரொட்டாலாவின் சிவப்பு மங்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முன்பக்கத் தரைவிரிப்புதான் சந்தேகம். சூடான தண்ணீரில் செடி வேகமாகச் சுவாசிக்கும், ஒளியில் சேர்த்ததை அதிலேயே செலவழித்துவிடும். அந்த இடத்தில் குட்டை கிரிப்டோ வகைகளை நட்டால் தொட்டியின் அழகு கெடாது.

இறால்களுக்கு 28தான் மேல் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் தங்குவது குறையும். வடிகட்டியின் வெளிவாயை இரவில் மேல்பரப்பு அலையும்படி திருப்பிவிடுங்கள். காற்றுப் பம்பே தேவைப்படாது.

வயர்மேன்_பட்டர்வொர்த்

எல்இடி வாங்கும்போது ஒரு விஷயம். 320 வாட் டி5க்குப் பதில் 320 வாட் எல்இடி என்று போய்விடாதீர்கள். குழல் விளக்கு எல்லாத் திசையிலும் ஒளியை வீசும். மேலே போனதில் ஒரு பகுதி பிரதிபலிப்பானிலேயே தொலைந்துவிடும். எல்இடி கீழ்நோக்கி மட்டும் வீசும், அதோடு ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் அதிகம். ஐந்தடிக்கு 110, 120 வாட் போதும். அதையும் முழு வேகத்தில் தொடங்காதீர்கள். முதலில் 60 சதவீதம், ஆறு மணி நேரம். செடிகள் பழகிய பிறகு ஏழு மணி நேரமாக்கலாம். அவசரப்பட்டு முழு ஒளியைக் கொட்டினால் பச்சைப் பாசி வந்து கண்ணாடியைப் போர்த்திவிடும். பலர் எல்இடியை வெறுப்பதற்குக் காரணம் இதுதான்.

குறைந்த சதவீதத்தில் ஓட்டுவதில் இன்னொரு நன்மை, எல்இடி சில்லு சூடாகாமல் இருக்கும். அதே வாட்டுக்குக் கூடுதல் ஒளி தரும், ஆயுளும் நீளும்.

புதுமீன்_செத்தாப்பாக்

இப்போது நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டம் இருக்கிறதே! வார நாட்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரைதான் கூடுதல் கட்டணம். தொட்டி விளக்கைக் காலையிலேயே முடித்துவிட்டால்?

வயர்மேன்_பட்டர்வொர்த்

யோசனை நல்லது, ஆனால் கணக்கு போடுவோம். எல்இடிக்கு மாறிய பிறகு விளக்குக்கு மாதம் 25 யூனிட். இரண்டு நேரக் கட்டணத்துக்கும் வித்தியாசம் யூனிட்டுக்கு நாலு காசு அளவில். மொத்தமே ஒரு வெள்ளி. அதற்காக, வேலை முடிந்து வந்து உட்காரும் நேரத்தில் தொட்டி இருட்டாக இருக்க வேண்டுமா? ஏர்கானையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் நகர்த்த முடிந்த குடும்பம் அந்தத் திட்டத்தைப் பார்க்கலாம். மீனுக்காக வேண்டாம்.

கட்டணத்தில் பார்க்க வேண்டியது வேறு. 2025 ஜூலை முதல் வந்த முறையில் அடிப்படை யூனிட்டுக்கு 44.43 காசு. 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்கு மின்சிக்கன ஊக்கத்தொகை கழிகிறது. 200க்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 காசு கழிவு. மேலே போகப் போக அது தேய்ந்துகொண்டே வரும். அந்தக் கழிவு மொத்தப் பயன்பாட்டுக்கும் பொருந்துவதால், கீழ்ப்படிக்கு இறங்கினால் மிச்சமுள்ள யூனிட்டுகளின் விலையும் குறைகிறது. 600ஐத் தாண்டாவிட்டால் சில்லறை விற்பனைக் கட்டணமான மாதம் 10 வெள்ளியும் இல்லை, எரிபொருள் விலைச் சரிக்கட்டலும் இல்லை. செந்தூல் அண்ணன் 820இல் இருக்கிறார். 220 யூனிட் குறைத்தால் அந்தக் கோட்டுக்கு வந்துவிடுவார். அப்போது மிச்சம், 220ஐ 44 காசால் பெருக்கி வருவதைவிடக் கூடுதலாக இருக்கும்.

செந்தூல்வாசி

எல்லாரும் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து முடித்துவிட்டேன். 110 வாட் எல்இடி, ஏழு மணி நேரம். ஒரு கேனிஸ்டரை எடுத்துவிட்டு, ஓட்டத்துக்காக 14 வாட்டில் ஓடும் டிசி பம்பு ஒன்று வைத்தேன். எடுத்த கேனிஸ்டரின் பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் மற்றதற்குள் திணித்தேன், நுண்ணுயிர்கள் வீணாகாமல். யூவி நிறுத்தம், தண்ணீர் பச்சையானால் மட்டும் போடுவேன். பின்கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அங்குல நுரைப்பலகை, மேற்குச் சுவர்ச் சூடு நேராக அடிக்காமல் இருக்க. சில்லரை 25இலிருந்து 26, 27 என்று ஏற்றி, விசிறிகள் வந்ததும் அதையும் அதன் பம்பையும் கழற்றிவிட்டேன்.

இன்று ஒரு நாள் கணக்கு: விளக்கு 0.77, கேனிஸ்டரும் டிசி பம்பும் 1.10, விசிறி 0.2, மற்றவை 0.05. மொத்தம் 2.1 யூனிட் அளவில். மாதம் 65ஐத் தொடாது. தண்ணீர் காலையில் 27.3, பிற்பகலில் 28.2. பிற்பகலில் விசிறி ஓடும்போது வலைமேல் கையை வைத்தால் ஈரக்காற்று ஜில்லென்று அடிக்கிறது.

முன்பக்கச் செடி ஒரு மூலையில் கரைந்துவிட்டது. அந்த இடத்தில் அக்கா சொன்னபடி குட்டை கிரிப்டோ. கண்ணாடியின் வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சைப் புள்ளிப் பாசி. ரசீது 590க்குக் கீழே வந்தது, மனைவி ரசீதைக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் போட்டு ஒட்டிவைத்திருக்கிறார்.

சில்லரை விற்றுவிடலாமா?

டிஸ்கஸ்_ஆயர்_ஈத்தாம்

நல்ல விலை வந்தால் விற்றுவிடு தம்பி. அந்தப் பணத்துக்கு நாலு டிஸ்கஸ் வாங்கலாம், 28 டிகிரிக்குத் தோதான மீன்.

குழாய்ப்பொறியாளர்

டிஸ்கஸ் வந்தால் மாட்டிதயம் அரைத்துப் போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, அதற்குப் பம்பு ஓட்டி... ஐயா மறுபடி 300 யூனிட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

விற்பதற்கு முன் ஒரு வறட்சிக் காலத்தைக் கடந்து பாருங்கள். மழை விட்டு, புகைமூட்டமும் சேர்ந்து ஜன்னலைத் திறக்க முடியாத நாட்கள் வரும். அப்போது விசிறி போதுமா என்று தெரிந்துவிடும். அதுவரை சில்லரைத் தண்ணீர் முழுக்க வடித்து, நிமிர்த்தியே வையுங்கள். படுக்கப் போட்டால் கம்ப்ரசர் எண்ணெய் இடம் மாறிவிடும்.

புதுமீன்_செத்தாப்பாக்

எனக்கு கிறிஸ்டல் சிவப்பு இறால் வளர்க்க ஆசை. என் மூன்றடித் தொட்டியிலேயே விசிறி போட்டு வைக்கலாமா?

நீர்வாழை

அந்த வகைக்கு 22, 24 டிகிரி வேண்டும் தம்பி, விசிறியால் அங்கே போக முடியாது. பத்து இறாலுக்காக மூன்றடித் தொட்டியையே குளிர வைக்காதீர்கள். இரண்டு கன அடி அளவில் ஒரு சின்னத் தொட்டி, மூன்று பக்கமும் நுரைப்பலகை, முன்பக்கம் மட்டும் கண்ணாடி தெரிய, மேலே மூடி, ஒரு சின்னப் பஞ்சு வடிகட்டி. சில்லரை அதற்கு மட்டும் பொருத்துங்கள். செந்தூல் அண்ணனிடம் ஒன்று சும்மா இருக்கிறது, தனிமடலில் கேட்டுப் பாருங்கள்.

செந்தூல்வாசி

தம்பி, வறட்சிக் காலம் முடியட்டும். அதற்குப் பிறகு விலை பேசலாம்.